மூச்சுக் காற்றின் வழி கண்ட வரலாறு



நான் பேசப் போகும் இந்தக் கால் மணி நேரத்தில் உங்களில் ஒவ்வொருவரும் ஏறத்தாழ 225 முறை மூச்சு விடுவீர்கள். நிமிடத்திற்கு 15 முறை என்பது கணக்கு. இக்கணக்கு புதியதன்று. மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சு 21,600 என்று நம் நாட்டு யோக நூலார் பண்டே எண்ணி வைத்தனர். ஒரு நாளுக்கு 1,440 நிமிடங்கள். வகுத்துப் பாருங்கள், நிமிடத்திற்குப் பதினைந்தே வரும். அமைதியாக அமர்ந்திருக்கும் ஒருவருக்கு நிமிடத்திற்கு 12 முதல் 20 வரை என்று இன்றைய மருத்துவ நூல்கள் கூறுகின்றன.

நம் முன்னோர் மூச்சை எண்ணியதோடு நிற்கவில்லை. வெளிவரும் மூச்சு எவ்வாறு பேச்சாகின்றது என்பதனைத் தொல்காப்பியர் எழுத்ததிகாரத்துப் பிறப்பியலில் ஆராய்ந்துள்ளார். உந்தியிலிருந்து எழுகின்ற காற்றுத் தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் வெவ்வேறு எழுத்துகளாகப் பிறக்கும் முறையை அவர் விளக்குகின்றார். வெளிச்செல்லும் காற்றை இவ்வாறு ஆராய்தல் கூடும். நாவின் அசைவை உணர்ந்தும், வாயின் முன் கையை வைத்தும் கண்டுகொள்ளலாம். உட்செல்லும் காற்றோ அத்தகையதன்று. மிடற்றைக் கடந்தவுடன் அது கண்ணுக்கும் கைக்கும் மறைந்துவிடுகின்றது. அங்கிருந்து அது எங்கே செல்கின்றது? என்ன செய்கின்றது? ஏன் திரும்பி வருகின்றது? இவ்வினாக்களுக்கு விடை காண மனித இனத்திற்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்த வரலாற்றையே இன்று உங்களுக்குக் கூற எண்ணுகின்றேன்.

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எகிப்து நாட்டு அலெக்சாந்திரியா நகரம் கல்விக்குப் பெயர் பெற்று விளங்கியது. அங்கே எராசிஸ்டிராட்டஸ் என்னும் கிரேக்க மருத்துவர் இறந்த உடல்களை அறுத்து ஆராய்ந்தார். உடலில் இருவகைக் குழாய்கள் இருத்தலை அவர் கண்டார். சிரைகளில் இரத்தம் நிறைந்திருந்தது. தமனிகளோ பெரும்பாலும் வெறுமையாக இருந்தன. உயிர் பிரிந்தபின் தமனிகள் சுருங்கி, அவற்றிலுள்ள இரத்தம் சிரைகளுக்குச் சென்றுவிடும் என்பதனை அவர் அறியார். ஆதலின், சிரைகள் இரத்தம் ஓடும் வழி, தமனிகள் காற்று ஓடும் வழி என்று முடிவு செய்தார். கிரேக்க மொழியில் மூச்சுக்குழலுக்கும் தமனிக்கும் ஒரே பெயர் வழங்கியது. பிற்காலத்தில் மூச்சுக்குழலைச் 'சொரசொரப்பான தமனி' என்று அடைமொழி சேர்த்துப் பிரித்தனர். மருத்துவர் இன்று மூச்சுக்குழலை 'டிரேக்கியா' என்று கூறும்போது, சொரசொரப்பு என்னும் அந்த அடைமொழியையே கூறுகின்றனர்.

தமனி அறுபட்டால் இரத்தம் பீறிடுகின்றதே, அஃது எவ்வாறு என்று ஒருவர் கேட்கலாம். அதற்கும் எராசிஸ்டிராட்டஸ் விடை வைத்திருந்தார். அறுபட்டவுடன் காற்று வெளியேறிவிடுகின்றது. அந்த வெற்றிடத்தை நிரப்பச் சிரைகளிலிருந்து இரத்தம் விரைந்து வருகின்றது என்றார். கேட்பதற்குப் பொருத்தமாகவே இருந்தது. ஆனால் உண்மையன்று.

ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்குப் பின் காலன் என்னும் மருத்துவர் இதனைச் சோதித்தார். உயிருள்ள விலங்கின் தமனியை இரண்டு இடங்களில் நூலால் இறுகக் கட்டி, நடுவில் அறுத்தார். வேறிடத்திலிருந்து எதுவும் வந்து சேர வழியில்லை. எனினும் உள்ளே இரத்தமே இருந்தது. ஒரு நூலும் ஒரு கத்தியும் நானூறு ஆண்டுக் கொள்கையை வீழ்த்தின.

ஆயினும், இந்தக் காலனே மற்றொரு பிழையைத் தம் பெயரால் நிலைநிறுத்திச் சென்றார். நுரையீரலுக்குச் செல்லும் காற்றின் ஒரு பகுதி, அங்கிருந்து இருதயத்தின் இடப்பக்கம் வந்து, அங்கே இரத்தத்துடன் கலந்து உயிராற்றல் ஆகின்றது என்றார். இருதயத்தின் வெப்பத்தைத் தணிப்பதும் காற்றின் தொழில் என்றார். இருதயத்தின் வலப்பக்க இரத்தம் இடப்பக்கம் வருவதற்கு, நடுச்சுவரில் கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகள் உள்ளன என்றும் கூறினார். அத்துளைகளை அவரும் கண்டதில்லை; அவருக்குப் பின் வந்தவரும் கண்டதில்லை. எனினும் 'காலன் கூறினார்' என்பது ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் போதிய சான்றாகக் கொள்ளப்பட்டது.

இதனை முதலில் மறுத்தவர் டமாஸ்கஸ் பகுதியில் பிறந்து கெய்ரோவில் மருத்துவராக விளங்கிய இப்னு அல்-நஃபீஸ் என்பார். அவர் 1242-ஆம் ஆண்டில், அவிசென்னா எழுதிய மருத்துவ நூலின் உடற்கூற்றுப் பகுதிக்கு ஓர் உரை வரைந்தார். இருதயத்தின் நடுச்சுவர் திண்மையானது, அதில் துளைகள் இல்லை என்று அவ்வுரையில் துணிந்து எழுதினார். அவ்வாறாயின் இரத்தம் எவ்வழியாகச் செல்லும்? வலப்பக்கத்திலிருந்து நுரையீரலுக்குச் சென்று, அங்கே காற்றுடன் கலந்து, பின்பு இடப்பக்கம் வருகின்றது என்றார். இஃது உண்மைக்கு மிக அண்மையில் வந்த கருத்தாகும். ஆனால் இவ்வுரையின் சிறப்பை உலகம் நெடுங்காலம் அறியாதிருந்தது. 1924-ஆம் ஆண்டில் எகிப்திய மருத்துவர் ஒருவர் பெர்லின் நூலகத்தில் அதன் கையெழுத்துப் படியைக் கண்டு வெளிப்படுத்திய பின்னரே அப்பெரியாரின் புகழ் பரவியது.

ஐரோப்பாவில் இதே கருத்து பதினாறாம் நூற்றாண்டில் மீண்டும் தோன்றியது. ஸ்பெயின் நாட்டு செர்விட்டஸ் 1553-இல் வெளியிட்ட ஒரு சமய நூலினிடையே இதனைக் கூறினார். அவ்வாண்டே ஜெனீவா நகரில் அவர் தம் சமயக் கருத்துகளுக்காக உயிரோடு எரிக்கப்பட்டார். அவர் நூலும் எரிக்கப்பட்டது. இத்தாலியப் பேராசிரியர் கொலம்போ 1559-இல் வெளிவந்த தம் நூலில், நுரையீரலிலிருந்து இருதயத்திற்கு வரும் குழாயை உயிருள்ள விலங்கில் அறுத்துப் பார்த்ததைக் கூறினார். காலன் கூறியபடி அங்கே காற்று இல்லை, இரத்தமே நிறைந்திருந்தது.

இங்கே வெசாலியஸ் என்பாரையும் குறிப்பிடல் வேண்டும். 1543-இல் அவர் வெளியிட்ட பெரும் உடற்கூற்று நூலில் ஒரு சோதனை உள்ளது. மார்பு திறக்கப்பட்ட விலங்கின் நுரையீரல் சுருங்கி, இருதயம் தளர்ந்து, உயிர் போகும் நிலையில், மூச்சுக்குழலில் ஒரு துளையிட்டு, நாணல் குழாய் ஒன்றைச் செருகி, வாயால் ஊதினார். நுரையீரல் விரிந்தது; இருதயம் மீண்டும் வலிமை பெற்றது. இந்த நாணல் குழாயை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதன் பயன் நானூறு ஆண்டுகளுக்குப் பின் தெரியவரும்.

1628-இல் ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி, இரத்தம் உடலெங்கும் சுற்றி மீண்டும் இருதயத்திற்கே வருகின்றது என்று நிறுவினார். தமனியிலிருந்து சிரைக்கு இரத்தம் எவ்வழியாகச் செல்கின்றது என்பதனை மட்டும் அவரால் காட்ட இயலவில்லை. ஹார்வி 1657-இல் மறைந்தார். நான்கே ஆண்டுகள் கழித்து, 1661-இல், இத்தாலி நாட்டுப் பொலோனா நகரில் மால்பிகி என்பவர் தவளையின் நுரையீரலை நுண்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார். அதுவரை அறிஞர்கள் நுரையீரலை ஒரு தசைப்பிண்டம் என்று எண்ணியிருந்தனர். மால்பிகி கண்டதோ மெல்லிய சுவர்களையுடைய சிறுசிறு காற்றறைகள்! அவற்றின் சுவர்களில் மயிரினும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் வலைபோற் பின்னியிருந்தன. அவையே தந்துகிகள். தமனியையும் சிரையையும் இணைக்கும் வழி கிடைத்தது. இரத்தம் குழாயை விட்டு வெளியேறுவதில்லை. காற்றும் அறையை விட்டு நேரே குழாய்க்குள் பாய்வதில்லை. இரண்டுக்கும் இடையே ஒரு மெல்லிய சுவர் நிற்கின்றது என்பது தெளிவாயிற்று.

காற்று உள்ளே வருவதற்குக் காரணம் யாது? உங்கள் கைகளை விலாவின்மேல் வைத்துக்கொண்டு மூச்சை இழுத்துப் பாருங்கள். மார்பு விரிகின்றது. காற்று வந்ததனால் மார்பு விரிகின்றதா, மார்பு விரிந்ததனால் காற்று வருகின்றதா? 1640-களில் இத்தாலியரான டாரிசெல்லி காற்றுக்கு அழுத்தம் உண்டு என்று காட்டிய பின்னரே இதற்குச் சரியான விடை கூற முடிந்தது. ஆங்கிலேயரான ஜான் மேயோ, கொல்லர் துருத்தியினுள்ளே ஒரு பையைப் பொருத்தி இதனை விளக்கினார். துருத்தியை விரித்தால் உள்ளிருக்கும் பை தானே காற்றால் நிறைகின்றது. அவ்வாறே விலா எலும்புகள் உயர்ந்து, மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள உதரவிதானம் என்னும் தசை தாழும்போது மார்பறை விரிகின்றது. வெளிக்காற்றுத் தன் அழுத்தத்தால் உள்ளே புகுகின்றது. நுரையீரல் தானாக இழுப்பதன்று. அது மார்பைப் பின்பற்றி விரிவதேயாகும்.

அடுத்த வினா: உயிருக்கு வேண்டுவது நுரையீரலின் அசைவா, புதிய காற்றா? 1667-இல் இலண்டன் ராயல் கழகத்தாரின் முன் ராபர்ட் ஹூக் இதற்கு விடை கண்டார். ஒரு நாயின் நுரையீரலில் மேற்புறம் சிறு துளைகள் இட்டு, மூச்சுக்குழல் வழியாக இரண்டு துருத்திகளால் இடைவிடாது காற்றைச் செலுத்தினார். நுரையீரல் அசைவின்றி விரிந்தே நின்றது. காற்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நாய் உயிரோடிருந்தது. காற்றை நிறுத்தியவுடன் துடித்தது. ஆகவே வேண்டுவது புதிய காற்றே என்பது உறுதியாயிற்று. இத்தகைய சோதனையில் விலங்கு படும் துன்பம் ஹூக்கின் உள்ளத்தை வருத்தியது என்பதனையும் மறைக்கலாகாது. 1664-இல் இதை ஒத்த சோதனை ஒன்றைச் செய்தபின், இனி இதனைச் செய்ய மனம் ஒப்பாது என்ற கருத்தில் அவர் ஒரு மடல் எழுதினார். நாம் இன்று நான்கு வரிகளில் படித்துவிடும் உண்மைகளுக்கு இவ்வாறும் விலை கொடுக்கப்பட்டுள்ளது.

1669-இல் ரிச்சர்ட் லோயர் கருஞ்சிவப்பான இரத்தம் செந்நிறம் பெறுவது இருதயத்தில் அன்று, நுரையீரலில் காற்றைக் கலந்தபோதே என்று காட்டினார். காற்றில் உள்ள ஏதோ ஒன்று இரத்தத்தில் சேர்கின்றது. அந்த 'ஏதோ ஒன்று' யாது என அறிய மேலும் நூறாண்டுகள் ஆயின. சுவீடன் நாட்டு ஷீலேயும், 1774-இல் ஆங்கிலேயரான பிரீஸ்ட்லியும் அவ்வாயுவைத் தனித்தனியே பிரித்தெடுத்தனர். அதற்கு 'ஆக்சிஜன்' என்று பெயரிட்டு அதன் தொழிலை விளக்கியவர் பிரெஞ்சு அறிஞர் லவாய்சியர். அதனையே நாம் பிராணவாயு என்கிறோம். லவாய்சியரும் லாப்லாஸும் பனிக்கட்டி சூழ்ந்த ஒரு கலத்தில் கினிப்பன்றியை வைத்து, அதன் உடல்வெப்பத்தால் உருகிய பனிக்கட்டியையும், அது வெளிவிட்ட கரியமில வாயுவையும் அளந்தனர். கரி எரிவதுடன் ஒப்பிட்டு, மூச்சு என்பது ஒரு மெதுவான எரிதல் என்று முடிவு கண்டனர். 1794-இல் பிரெஞ்சுப் புரட்சியின்போது லவாய்சியர் கில்லட்டினில் தலை வெட்டப்பட்டு மாண்டார்.

இந்த எரிதல் நுரையீரலிலேயே நடைபெறுகின்றது என்று லவாய்சியர் கருதினார். கணித மேதை லக்ராஞ்சு ஓர் ஐயத்தை எழுப்பினார்: உடலின் வெப்பமெல்லாம் நுரையீரலிலேயே உண்டானால், அது பிற உறுப்புகளைவிட மிகுதியாகக் கொதிக்க வேண்டுமே? எளிய வினாதான், ஆயினும் அது வரலாற்றைத் திருப்பியது. 1837-இல் பெர்லினில் மாக்னஸ் என்பவர் இரத்தத்திலிருந்து வாயுக்களைப் பிரித்து அளந்தார். தமனி இரத்தம், சிரை இரத்தம் ஆகிய இரண்டிலும் பிராணவாயுவும் கரியமில வாயுவும் இருந்தன. தமனி இரத்தத்தில் பிராணவாயு மிகுதி. எனவே இரத்தம் பிராணவாயுவைச் சுமந்துசெல்லும் வண்டியே அன்றி, அதனைச் செலவிடும் இடம் நுரையீரலன்று. உடலின் ஒவ்வொரு திசுவும், கால் விரல் நுனியிலுள்ள உயிரணுவும்கூட, மூச்சு விடுகின்றது என்பதனை ஜெர்மானியரான பிளூகர் 1870-களில் உறுதிப்படுத்தினார்.

எஞ்சியிருந்த வினா ஒன்றே. காற்றறையிலிருந்து இரத்தத்திற்குப் பிராணவாயு தானே பரவுகின்றதா, அல்லது நுரையீரல் சுரப்பிபோல் அதனைத் தள்ளுகின்றதா? கோபன்ஹேகன் நகரப் பேராசிரியர் போர் இரண்டாம் கருத்தினர். அவர் மாணவர் ஆகஸ்டு கிரோக், தம் மனைவி மேரியுடன் நுட்பமாக அளந்து, செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்திற்கு வாயு பரவும் இயல்பே போதும் என்று 1910-இல் காட்டினார். ஆசிரியர் கருத்தை மாணவர் அளவைக் கொண்டு மறுத்தார். அதனால் அறிவு வளர்ந்தது.

இனி, இன்று நாம் அறிந்துள்ள வழியைச் சுருங்கக் காண்போம். மூக்கினுள் புகும் காற்று அங்கே வெதுவெதுப்பும் ஈரமும் பெற்று, தூசு நீங்கி, தொண்டை, குரல்வளை, மூச்சுக்குழல் ஆகியவற்றைக் கடக்கின்றது. மூச்சுக்குழல் இரண்டாகப் பிரிகின்றது. ஒவ்வொன்றும் மேலும் இரண்டாகப் பிரிகின்றது. இவ்வாறு சராசரியாக 23 முறை கிளைக்கின்றது என்று சுவிஸ் அறிஞர் வைபெல் 1963-இல் கணக்கிட்டார். இறுதியில் உள்ள காற்றறைகள் ஏறத்தாழ 48 கோடி. அவற்றின் சுவர்களை விரித்துப் பரப்பினால் 100 சதுர மீட்டர் அளவினை எட்டும். காற்றுக்கும் இரத்தத்திற்கும் இடையிலுள்ள சுவரின் தடிப்போ ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைவு. இயல்பான ஒரு மூச்சில் நாம் இழுப்பது அரை லிட்டர். அதில் ஏறத்தாழ 150 மில்லிலிட்டர் குழாய்களிலேயே தங்கிப் பயன்படாது திரும்பும். எஞ்சிய 350 மில்லிலிட்டரே காற்றறைகளை அடையும்.

'பிராணவாயுவை உள்ளிழுத்துக் கரியமில வாயுவை வெளிவிடுகிறோம்' என்று தேர்வுத் தாள்களில் எழுதுவது வழக்கம். அது முழு உண்மையன்று. உள்ளே செல்லும் காற்றில் நூற்றுக்கு 21 பங்கு பிராணவாயு. வெளியே வரும் காற்றில் இன்னும் 16 பங்கு இருக்கின்றது. கரியமில வாயு ஏறத்தாழ 4 பங்கே. நீரில் மூழ்கியவருக்கு வாயோடு வாய் வைத்து ஊதி உயிரளிக்க முடிவது இதனாலேயே. நாம் விடும் மூச்சு மற்றொருவருக்குப் போதுமானது.

இவ்வளவும் அறிந்ததனால் யாருக்கு என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். விடையைக் கோபன்ஹேகன் நகரிலேயே காணலாம். 1952-ஆம் ஆண்டுக் கோடையில் அங்கே இளம்பிள்ளை வாதம் கொடுமையாகப் பரவியது. இந்தியாவில் இந்நோய் ஒழிந்துவிட்டது என்று 2014-இல் அறிவிக்கப்பட்டது. ஆதலின் உங்களில் பலர் அதனைக் கண்டிரார். அந்நோய் கைகால்களை மட்டுமன்றி, மூச்சுத் தசைகளை இயக்கும் நரம்புகளையும் தாக்கும். நுரையீரல் இருக்கும், துருத்தி மட்டும் நின்றுவிடும். நகரின் பிளெக்டாம் மருத்துவமனையில் அப்போது இருந்த இரும்பு நுரையீரல் எந்திரம் ஒன்றே. மார்புக் கவசம் போன்ற சிறு கருவிகள் சில இருந்தன. தொடக்க வாரங்களில் அவற்றால் மருத்துவம் பெற்ற 31 பேரில் 27 பேர் இறந்தனர்.

நோயாளிகளின் இரத்தத்தில் கரியமில வாயுவின் அளவு மிகுந்திருந்தது. அஃது ஏதோ காரப்பொருளின் மிகுதி என்று மருத்துவர்கள் எண்ணினர். மயக்க மருத்துவரான பியோர்ன் இப்ஸன் அதனை ஏற்கவில்லை. காற்று வெளியேறாமையால் கரியமில வாயு தேங்கிவிட்டது. அதனை வெளியேற்றினால் நோயாளி பிழைப்பார் என்றார். ஆகஸ்டு 27-ஆம் நாள் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் மூச்சுக்குழலில் துளையிட்டு, குழாய் பொருத்தி, ரப்பர்ப் பையைக் கையால் அழுத்திக் காற்றைச் செலுத்தினர். சிறுமி பிழைத்தாள். வெசாலியஸின் நாணல் குழாயை நினைவில் கொண்டிருக்கிறீர்கள் அல்லவா?

ஆனால் பையை அழுத்த எந்திரம் இல்லை. ஒரே சமயத்தில் எழுபது பேர் வரை மூச்சின்றிக் கிடந்தனர். யார் அழுத்துவது? மாணவர்கள் வந்தனர். மருத்துவக் கல்லூரியிலும் பல் மருத்துவக் கல்லூரியிலும் பயின்ற ஏறத்தாழ 1,500 மாணவர்கள், உங்களைவிடச் சில வயதே மூத்தவர்கள், முறைவைத்து இரவும் பகலும் நோயாளியின் அருகே அமர்ந்தனர். ஒருவர் கை ஓயும்போது மற்றொருவர் கை தொடர்ந்தது. இவ்வாறு பல மாதங்கள் தம் கைகளால் பிறர்க்கு மூச்சளித்தனர். நூற்றுக்கு எண்பதுக்கு மேல் இருந்த இறப்பு ஏறத்தாழ நாற்பதாகக் குறைந்தது. இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகள் அங்கிருந்தே வளர்ந்தன. 2020-இல் கொரோனாப் பெருநோயின்போது வீடுதோறும் பேசப்பட்ட 'வென்டிலேட்டர்' செய்யும் பணி, அம்மாணவர்களின் கைகள் செய்த பணியே.

அந்தக் கைகள் சரியான இடத்தில் சரியான செயலைச் செய்தமைக்குப் பின்னால் காலனின் நூலும், கெய்ரோ மருத்துவரின் துணிவும், மால்பிகியின் கண்ணும், லக்ராஞ்சின் ஐயமும் இருந்தன. காற்று இருதயத்திற்குச் செல்கின்றது என்று நம்பியிருந்தால் அச்சிறுமியைக் காப்பாற்ற யாருக்கும் வழி தெரிந்திராது. ஆகவே, இளைஞர்களே, பாடநூலில் உள்ளதைப் படியுங்கள். அஃது எவ்வாறு தெரிந்தது என்றும் உங்கள் ஆசிரியரைக் கேளுங்கள். கேட்கும் மாணவனை நல்லாசிரியர் எவரும் வெறுத்ததில்லை. வாய்ப்புக் கிடைக்கும்போது, மூச்சு நின்றவர்க்கு முதலுதவி செய்யும் முறையையும் முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள். இந்த இரண்டாயிரம் ஆண்டு உழைப்பின் பயன் என்றேனும் ஒரு நாள் உங்கள் கைகளுக்கும் வேண்டியிருக்கும்.